ஆட்டத்துக்குள் பாடம் எங்கே இருக்கிறது? விளையாட்டு வழிக் கற்றல் பற்றி ஓர் எளிய விளக்கம்

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மாலை நேரத் தனிப்பயிற்சி மையங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், "விளையாட்டு முறையில் கற்பிக்கப்படும்" என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. உள்ளே சென்று பார்த்தால் அந்த ஒரே வரிக்குப் பல பொருள்கள் இருப்பது தெரியும். ஓரிடத்தில் வீட்டுப்பாடம் முடித்த பிள்ளையின் பெயருக்கு எதிரே நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். இன்னோரிடத்தில் தொலைக்காட்சித் திரையில் வினாடி வினா நடக்கிறது. மற்றோரிடத்தில் வாரம் ஒருமுறை செஸ் வகுப்பு உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் பெற்றோரிடையே இரண்டு விதமான முடிவுகள் பரவியிருக்கின்றன. "படிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு?" என்று ஒதுக்குபவர்கள் ஒரு பக்கம், விளையாட்டு என்ற சொல் இருந்தாலே பிள்ளைக்குப் பாடம் தானாக ஏறிவிடும் என்று நம்புபவர்கள் மறுபக்கம். விளையாட்டு எந்த வழியாகக் கற்றலுக்கு உதவுகிறது என்பதை இரு தரப்பினருமே கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடையை, கல்வியியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல இக்கட்டுரை முயல்கிறது.

கேரம் பலகையில் நடப்பது

வட சென்னைக்கு மிகவும் பழக்கமான ஓர் ஆட்டத்தில் இருந்து தொடங்கலாம். 9 கறுப்பு, 9 வெள்ளை, நடுவில் ஒரு சிவப்பு என 19 காய்களைக் கொண்ட கேரம் இப்பகுதியின் மன்றங்களிலும் தெருமுனைகளிலும் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு, வியாசர்பாடியில் இருந்து உலக சாம்பியனாக உயர்ந்த இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த காசிமாவும் சாட்சி.

இந்த ஆட்டத்தைப் புதிதாக ஆடும் பத்து வயதுச் சிறுமியைக் கவனியுங்கள். எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பும் வகையில் ஸ்டிரைக்கரை அடித்து, தன் பக்கம் இருக்கும் காயைக் குழியில் தள்ள வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். ஒரு கோணத்தைத் தேர்ந்து அடிக்கிறாள். இரண்டு நொடிகளுக்குள் விடை தெரிந்துவிடுகிறது: காய்க்கு இடப்புறமாக இரண்டு விரல் அகலம் தள்ளிப் போய்விட்டது. அடுத்த முறை அதற்கு ஏற்பக் கையைத் திருப்பிக்கொள்கிறாள். எங்கே தவறியது, எவ்வளவு தவறியது என்பதைப் பலகையே காட்டிவிடுவதால், யாரும் திருத்திச் சொல்லத் தேவையில்லை. செய்த செயலின் விளைவு, அடுத்த முயற்சியைத் திருத்திக்கொள்ள உதவும் செய்தியாக நமக்கே திரும்பி வருவதைப் பின்னூட்டம் என்கிறோம். பள்ளித் தேர்வில் இந்தப் பின்னூட்டம் பத்து நாள் கழித்துச் சிவப்பு மையில் வருகிறது. அதற்குள் அந்தக் கணக்கை ஏன் அப்படிப் போட்டோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

கேரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அந்தச் சிறுமி எதைக் கற்கிறாளோ, அதைச் செய்யாமல் ஆட்டத்தில் ஓர் அடி கூட முன்னேற முடியாது. கோணத்தை மதிப்பிடுவதும் விசையை அளந்து கொடுப்பதும் அந்த ஆட்டத்தின் நகர்வுகள்தாம். வெளியே இருந்து கொண்டுவந்து ஒட்டியவை அல்ல. இக்கட்டுரையின் மையக் கருத்து இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

மூன்று காரியங்கள், ஒரே பெயர்

முதலில் பேச்சு வழக்கில் கலந்துகிடக்கும் மூன்றைப் பிரித்துக்கொள்வோம். பிள்ளைகள் தெருவில் பம்பரம் விடுவதும் கோலி ஆடுவதும் சுதந்திரமான விளையாட்டு. அதற்குப் பாட நோக்கம் இல்லை, இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உடல்நலத்துக்கும் நட்புக்கும் அது தேவை என்ற அளவில் விட்டுவிடலாம்; ஒவ்வொரு கோலியிலும் ஒரு பாடத்தைத் தேடுகிற பெரியவர்களின் ஆர்வம் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கெடுப்பதுதான் வழக்கம்.

இரண்டாவது, விளையாட்டு அல்லாத ஒரு வேலையின் மேல் புள்ளி, நட்சத்திரம், தரவரிசைப் பட்டியல் போன்ற விளையாட்டின் உறுப்புகளைச் சேர்ப்பது. இதற்கு விளையாட்டாக்கம் என்று பெயர். வாய்ப்பாடு ஒப்பித்தால் நட்சத்திரம் என்பது இந்த வகை. இங்கே வாய்ப்பாடு பழைய வாய்ப்பாடாகவே இருக்கிறது. மாறியது அதைச் சுற்றியிருக்கும் அலங்காரம் மட்டுமே.

மூன்றாவதுதான் விளையாட்டு வழிக் கற்றல்: விதிகளும் இலக்கும் உள்ள ஓர் ஆட்டத்தை ஆடுவதன் மூலமாகவே குறிப்பிட்ட ஒரு பாடப்பொருளைக் கற்பது.

சென்னைக்கு இந்தப் பேச்சு புதிதன்று. மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலிலும், 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அட்டைகள், பாடல்கள், ஆட்டங்கள் எல்லாம் உண்டு. ஆனால் செயல்பாடு என்பது பெரிய வட்டம். ஆட்டம் அதற்குள் ஒரு சிறிய பகுதி. அட்டையை வரிசைப்படுத்துவது செயல்பாடு. வரிசைப்படுத்துவதில் இலக்கும் விதியும் ஒரு சிறு நிச்சயமின்மையும் சேரும்போதுதான் அது ஆட்டமாகிறது.

சுருக்கமாக: தெரு விளையாட்டுக்குப் பாட நோக்கம் இல்லை, விளையாட்டாக்கம் பாடத்துக்கு வெளியே பரிசை வைக்கிறது, விளையாட்டு வழிக் கற்றல் பாடத்தை ஆட்டத்துக்கு உள்ளே வைக்கிறது.

நட்சத்திரம் ஒட்டுவதில் உள்ள சிக்கல்

பரிசு கொடுத்தால் பிள்ளை படிக்கும் என்பது அனைவரும் கண்ட உண்மை. பரிசு நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள்கள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத சாதாரண வகுப்பு நேரத்தில் பார்த்தபோது, முன்பே பரிசு பேசப்பட்ட குழுவினர் மற்ற இரு குழுவினரைவிடப் பாதியளவு நேரமே வரைந்தார்கள். விரும்பிச் செய்துகொண்டிருந்த காரியம், கூலிக்குச் செய்யும் வேலையாக அவர்கள் மனத்தில் மாறிவிட்டது.

இதனால் நட்சத்திரமே கூடாது என்று ஆகிவிடாது. பிள்ளைக்கு இயல்பில் விருப்பமே இல்லாத, ஆனால் செய்தே ஆகவேண்டிய சிறு வேலைகளுக்குப் பரிசு ஒரு தொடக்கத் தள்ளாக உதவும். கதைப் புத்தகம் படிப்பதற்குச் சாக்லேட் கொடுப்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது, ஏனெனில் அங்கே கதைதான் பரிசாக இருந்திருக்க வேண்டும்.

நகர்வும் பாடமும் ஒன்றாகும்போது

பாடப்பொருளும் ஆட்டத்தின் நகர்வும் ஒன்றாகவே அமைந்திருப்பதை உள்ளிணைப்பு என்று அழைப்போம். இதைச் சோதித்துப் பார்த்த ஓர் அழகான ஆய்வு இங்கிலாந்தில் ஹேப்குட், எயின்ஸ்வொர்த் ஆகியோரால் நடத்தப்பட்டு 2011இல் வெளியானது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்தலைக் கற்பிக்க ஒரு கணினி விளையாட்டை இரண்டு வடிவங்களில் செய்தார்கள். முதல் வடிவத்தில், எதிரில் வரும் எலும்புக்கூடுகளின் மார்பில் எண்கள் இருக்கும். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கக்கூடிய ஆயுதத்தைத் தேர்ந்து அடித்தால்தான் அது உடையும். இரண்டாவது வடிவத்தில் அதே சண்டை, அதே ஓட்டம், ஆனால் எலும்புக்கூடுகளின் மேல் எண் கிடையாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதே வகுத்தல் கேள்விகள் தனியாக வரும். முதல் வடிவத்தை ஆடியவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது, இரண்டாவது வடிவத்தைவிட ஏழு மடங்கு அதிக நேரம் முதல் வடிவத்தோடு செலவிட்டார்கள்.

கைபேசியில் விற்கப்படும் "கல்வி விளையாட்டு"களில் பெரும்பகுதி இரண்டாவது வடிவத்தைச் சேர்ந்தது. காரை ஓட்டு, கணக்குப் போடு, மறுபடியும் காரை ஓட்டு என்று போகும் ஆட்டத்தில் கணக்கு என்பது சுங்கச்சாவடி. பிள்ளை அதை எவ்வளவு வேகமாகக் கடக்கலாம் என்றுதான் பார்க்கும். எனவே ஒரு செயலியையோ பயிற்சி மையத்தின் ஆட்டத்தையோ மதிப்பிட விரும்பும் பெற்றோர் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த ஆட்டத்தில் ஒரு நகர்வு நகர, பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பத்துக் கட்டங்கள், ஒரு புளியங்கொட்டை

உள்ளிணைப்புக்குக் கணினி தேவையில்லை. கல்வி ஆய்வுகளில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று, அட்டையில் வரைந்த பத்தே கட்டங்களை வைத்துச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் ராமானி, சீக்லர் என்ற இருவர், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஒரு சுழல்முள் 1 அல்லது 2 என்று காட்டும். அந்த எண்ணிக்கைக்குப் பிள்ளை தன் வில்லையை நகர்த்தி, கடக்கும் கட்டங்களின் எண்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆடினார்கள். எண்களை அடையாளம் காண்பது, எது பெரியது என்று சொல்வது, ஓர் எண் கோட்டில் எங்கே வரும் என்று மதிப்பிடுவது ஆகியவற்றில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்த அட்டையில் ஆடிய பிள்ளைகளிடம் இந்த முன்னேற்றம் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் விளையாட்டு வழிக் கற்றலின் உட்பொறியைப் பெரும்பாலும் புரிந்துகொண்டது போல. சிறு பிள்ளைக்கு "எட்டு" என்பது முதலில் ஒரு ஒலி மட்டுமே. நேர்கோட்டில் எட்டாம் கட்டத்தை அடைய, அது ஐந்தாம் கட்டத்தைவிட அதிக தூரம் கையை நகர்த்துகிறது, அதிக முறை நகர்த்துகிறது, அதிகச் சொற்களைச் சொல்கிறது, அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. எண் பெரிதாகும்போது நான்கும் சேர்ந்து பெரிதாவதால், எண்ணின் அளவு என்பது கைக்கும் கண்ணுக்கும் வாய்க்கும் ஒரே சமயத்தில் புலப்படுகிறது. அடுத்த ஆண்டு அவர்களே கட்டங்களை வட்டமாக அமைத்துப் பார்த்தபோது, நேர்கோட்டு அட்டை தந்த அளவுக்குப் பயன் கிட்டவில்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் அது "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகரக்கூடாது. "நான்கு, ஐந்து" என்று சொல்லி நகர வேண்டும். நம் வீடுகளில் தாயமும் பரமபதமும் ஆடும்போது பெரும்பாலும் "ஒன்று, இரண்டு" என்றுதான் எண்ணுகிறோம். பிற்பாடு லாஸ்கி, சீக்லர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நிற்கும் எண்ணில் இருந்து தொடர்ந்து எண்ணிய பிள்ளைகளே கூடுதலாகக் கற்றது தெரிந்தது. ஒன்றில் இருந்து எண்ணும் பிள்ளை கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் காரணம். பரமபத அட்டை அதேதான், ஆடும் பிள்ளையும் அதேதான். வாயில் வரும் சொல் மாறினால் கற்றல் மாறிவிடுகிறது.

இதை வட சென்னையின் எந்த மொட்டை மாடியிலும், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் நடைபாதையிலும் செலவின்றிச் செய்யலாம். சுண்ணக்கட்டியால் பத்துக் கட்டங்களை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வரைந்து எண்ணிடுங்கள். ஒரு புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெளுக்க வையுங்கள். வெள்ளை விழுந்தால் 2, கறுப்பு விழுந்தால் 1. பிள்ளையே வில்லையாகி ஒவ்வொரு கட்டமாகக் குதித்துப் போகலாம். அடி எடுத்து வைக்கும்போது அந்தக் கட்டத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் விதி.

இந்தப் பகுதியின் சாரம்: கற்க வேண்டியதைச் செய்தால்தான் நகர முடியும் என்று ஆட்டம் அமைந்தால் பாடம் உள்ளே இருக்கிறது, அது எந்த விதியில் இருக்கிறது என்பதைப் பெரியவர் அறிந்து, அந்த விதியை விட்டுக்கொடுக்காமல் நடத்த வேண்டும்.

செஸ் ஆடினால் கணக்கு வருமா?

2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த பிறகு, செஸ் ஆடும் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும் என்ற பேச்சு இன்னும் வலுவாகியிருக்கிறது. ஓரிடத்தில் கற்றது வேறோர் இடத்தில் பயன்படுவதைக் கற்றல் பெயர்வு என்பார்கள். இரண்டு இடங்களும் நெருக்கமாக ஒத்திருந்தால் பெயர்வு எளிது, தூரமானால் கடினம். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் ஏறத்தாழ 4,000 பிள்ளைகளை வைத்து நடந்து 2016இல் முடிவு வெளியான பெரிய சோதனை ஒன்றில், ஓராண்டு செஸ் பாடம் பெற்ற பிள்ளைகள் மறு ஆண்டுக் கணிதத் தேர்வில் மற்றவர்களைவிட மேலே வரவில்லை. செஸ் கற்றவர்கள் செஸ்ஸைக் கற்றார்கள். அது தன்னளவிலேயே மதிப்புள்ளது; கணக்குக்குக் குறுக்கு வழியாக அதை விற்பதுதான் தவறு.

கேரம் ஆடும் சிறுமிக்கும் இதே நிலைதான். எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பும் ஸ்டிரைக்கரின் பாதை, அறிவியல் பாடத்தில் ஒளி எதிரொளிப்பில் வரும் "படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம்" என்ற விதியை ஏறத்தாழ ஒத்திருக்கிறது. அவள் கை அதை அறியும். ஆனால் தேர்வுத் தாளில் ஆடியும் கதிரும் வரைந்திருக்கும்போது, அது தன் கை அறிந்த அதே விஷயம் என்று அவளுக்குத் தானாகத் தோன்றாது.

ஆட்டம் முடிந்த பிறகு பேச வேண்டியவை

அந்த இடைவெளியைக் கடக்க வைப்பது பெரும்பாலும் ஒரு சிறிய உரையாடல். ஆட்டம் முடிந்ததும் ஸ்டிரைக்கர் சட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அது வந்த கோட்டையும் போன கோட்டையும் நூலால் காட்டி, இரண்டு கோணங்களையும் அவளையே அளக்கச் சொன்னால், கையில் இருந்தது தாளுக்கு வரத் தொடங்கும். அளவுகள் மிகச் சரியாக ஒத்துவராது. ஸ்டிரைக்கரின் சுழற்சியும் பலகையின் உராய்வும் சிறிது மாற்றிவிடும். அது ஏன் என்று கேட்பது இன்னும் நல்ல பாடம்.

பல்லாங்குழியிலும் இதற்கு இடம் உண்டு. 14 குழிகளில் விதைகளை ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் ஆட்டத்தில், "இந்தக் குழியில் இருந்து எடுத்தால் கடைசி விதை எங்கே விழும்?" என்று எடுப்பதற்கு முன்பே சொல்லச் சொன்னால், வெறும் கைப்பழக்கமாக இருந்தது கணிப்பாக மாறுகிறது. பிள்ளை அலுப்படையும் அளவுக்குக் கேள்விகளை அடுக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு கேள்வி போதும்.

வினாடி வினா, வேகம், கூட்டம்

வினாடி வினாவை நான் மேலே குறைத்துப் பேசியதாகத் தோன்றலாம். அதற்கும் நியாயமான பயன் இருக்கிறது. படித்ததை மறுபடி படிப்பதைவிட, நூலை மூடிவிட்டு நினைவில் இருந்து எடுத்துச் சொல்ல முயல்வது நீண்ட நாள் நினைவுக்கு அதிகம் உதவுகிறது என்பதை ரோடிகர், கார்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு தெளிவாகக் காட்டியது. இதை மீட்டுப் பயிற்சி என்பார்கள். வினாடி வினாவின் பயன் இந்த மீட்டலில் இருந்து வருகிறது. திரையில் ஓடும் இசைக்கும் பட்டாசுக்கும் அதில் பங்கில்லை. ஆகவே முதலில் பொத்தானை அழுத்தியவருக்கே புள்ளி என்ற விதி அந்தப் பயனைக் குறைத்துவிடுகிறது. விடை தெரிந்த ஐந்து பேர் அழுத்துகிறார்கள். மற்றவர்கள் நினைவுகூர முயல்வதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது. எல்லோரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டும் பழைய முறை, விலை உயர்ந்த பல செயலிகளைவிட மேலானது.

கூட்டமும் ஒரு கணக்குதான். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பலகை என்றால், ஒருவர் ஆட முப்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். மூவர் அல்லது நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால்தான் ஒவ்வொருவருக்கும் போதிய நகர்வுகள் கிடைக்கும்.

தொடர்ந்து தோற்கும் பிள்ளை மெல்ல ஆட்டத்தில் இருந்து விலகிவிடும் என்பதால், திறன் வேறுபாடு அதிகமுள்ள குழுவுக்குத் தாயக்கட்டையின் அதிர்ஷ்டம் நல்ல துணை. பரமபதத்தில் ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு எதுவுமே இல்லை. அதனாலேயே ஐந்து வயதுத் தம்பி பத்து வயது அக்காவை நேர்மையாக வெல்ல முடிகிறது. தாயத்தில் கட்டை விழுவது அதிர்ஷ்டம், எந்தக் காயை நகர்த்துவது என்பது முடிவு. எனவே அது சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு.

ஆட்டத்தை எப்போது விடுவது

ஆட்டம் எல்லாப் பாடத்துக்கும் ஏற்றதன்று. புதிய கருத்து ஒன்றை முதன்முதலாக அறிமுகப்படுத்தவும், நீண்ட வாக்கியங்களை எழுதப் பழக்கவும், ஆசிரியரின் நேரடி விளக்கமும் பொறுமையான பயிற்சியுமே பெரும்பாலும் விரைவான வழி. ஆட்டம் நன்றாக உதவுவது, பலமுறை செய்து பார்த்தால் மட்டுமே வசப்படும் திறன்களுக்கு: எண்ணுதல், கூட்டல் கழித்தல், வகுபடும் எண்களை இனம் காணுதல், சொற்களை நினைவுகூர்தல். அத்தகைய திறனும் வசப்பட்ட பிறகு அதே ஆட்டத்தைத் தொடர்வதில் பொழுதுபோக்கைத் தவிர வேறில்லை.

பத்துக் கட்ட ஆட்டத்தில் அந்த நிலையை அறிவது எளிது. கொட்டை தரையில் நின்றதும், காலை எடுத்து வைப்பதற்கு முன்பே "ஏழு" என்று தான் சேரப்போகும் எண்ணைப் பிள்ளை சொல்லிவிட்டால், அது எண்ணுவதை விட்டுக் கூட்டத் தொடங்கிவிட்டது. பல நாள்கள் தொடர்ந்து அப்படி நடந்தால் 11 முதல் 20 வரையான கட்டங்களையும் அதே வரிசையில் நீட்டி வரைந்துவிட்டு, புளியங்கொட்டைக்குப் பதிலாக இரண்டு தாயக்கட்டைகளைக் கையில் கொடுக்கலாம்.